நாலு மாதமும் பத்து நாளும்

வெள்ளைப் புடவை துவைக்க எல்லாருக்கும் வராது, மரைக்கார். ஒரு நாள் முழுக்கச் சாம்பல் தண்ணீரில் ஊறவேண்டும். நீலம் அளவோடு விழவேண்டும். கொஞ்சம் கூடினாலும் புடவை மீன் வயிறு மாதிரி ஆகிவிடும். எங்கள் கொடியில் எந்த நாளும் வெள்ளைப் புடவை காய்ந்ததைப் பார்த்துத்தான் பக்கத்து வளவு ஆயிஷா உம்மாவுக்கு முதலில் சந்தேகம் வந்ததாம். அவர் உங்களிடம் வந்து முறைப்பாடு சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. நம் குடிக்கு நீங்கள்தான் மரைக்கார், பள்ளிவாசலில் நமக்காகக் கதைக்கிறவர். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். ஆறினால் இஞ்சி கசக்கும்.

ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான் பொய் சொல்கிற பெண் அல்ல. என் வாப்பா முகைதீன்பாவா கரைவலை இழுத்த மனிதர். சத்தம் போடுவார், ஏசுவார், ஆனால் கைநீட்டுவது பொய்க்கு மட்டும்தான். தின்ற பனங்கட்டியைத் தின்னவில்லை என்று ஏழு வயதில் சொல்லி அவர் கையால் ஓர் அடி வாங்கினேன். அதற்குப் பிறகு என் நாக்குக்குப் பொய் பழக்கமில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஆயிஷா உம்மா சொன்னதில், என்னைப் பெற்ற உம்மாவை நான் ஏமாற்றினேன் என்ற ஒரு சொல்தான் எனக்குச் சுட்டது.

வீடு என்னுடையது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவான், பெண்பிள்ளைக்கு வீடு. என்கூடப் பிறந்த காக்கா பதியுதீன் சம்மாந்துறைக்குப் போனார். எனக்குச் சீதனமாக வந்தது மருதமுனையில் இந்தக் களிமண் சுவர் வீடு, ஒரு கிணறு, ஆறு தென்னை, ஒரு தறி, உம்மா. என் புருஷன் பளீல் நான் நெய்கிற சாரங்களை மூட்டை கட்டிக்கொண்டு பதுளைப் பக்கம் விற்கப் போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் முகம் காட்டுவார். பிள்ளை இல்லை. ஆகவே பார்த்துக்கொள்ள உம்மாவுக்கு நான் ஒருத்தி, எனக்கு உதவிக்கு யாரும் இல்லை.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு உம்மாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் அலுமாரிச் சாவி. பிறகு எத்தனை ரக்அத் தொழுதோம் என்பது. அதற்குப் பிறகு வாப்பா மௌத்தானதே மறந்துபோயிற்று. அப்போது வாப்பா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. காலையில் எழும்பி, "உங்கட வாப்பா எங்க மகள்?" என்று கேட்பார். நான் தறியில் போய் உட்காருவேன். ஆயிஷா உம்மாவுக்கு இரக்கம் கூட, வேலை குறைவு. அவர்தான் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "அவரு கடலுக்குப் போயிரிக்காரு, சல்மா ராத்தா. இப்ப வந்திருவாரு" என்று சொல்லுவார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பால் என்ன வந்தது என்பதையும் உங்களிடம் அவரே சொல்லியிருக்கவேண்டும்.

கடலுக்குப் போன மனிதனுக்கு லுஹர் நேரத்தில், உச்சி வெயிலில், பசிக்கும். உம்மா சோற்றையும் ஆணத்தையும் ஒரு சட்டியில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடக்கத் தொடங்கினார். நான் தறிக்குழியில் இறங்கி நாடாவை இரண்டு தரம் ஓட்டினால் போதும், நிமிர்ந்து பார்க்கும்போது உம்மா இல்லை. ஓடிப்போய்க் கூட்டிவருவேன். தறியில் பாவு நூல் அப்படியே கிடக்கும். மறுபடி உட்காருவேன், மறுபடி இல்லை. வேலிக் கடப்பில் கயிறு கட்டினேன், அவிழ்த்தார். அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன், ஊர் கேட்கக் கத்தினார். ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தரம் இப்படி. எனக்கு அலுத்துப்போயிற்று, மரைக்கார். அதை மறைக்கவில்லை. உம்மாவைப் பார்த்தாலே எரிச்சல் வந்த நாட்களும் உண்டு.

ஒரு நாள் அவர் பாண்டிருப்பு வரைக்கும் போய்விட்டார். அந்த ஊர் வயல்காரர் சின்னப்போடியார் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கடப்படியில் இறக்கினார். உம்மாவின் தலையில் முக்காடு இல்லை. சட்டி மட்டும் கையில் அப்படியே இருந்தது, ஒரு சோறு சிந்தவில்லை.

"பிள்ள, இந்தா உங்கட அம்மா," என்றார் அவர். "எங்கட கடக்கரையில நிண்டு தோணிக்காரர் எல்லாரிட்டயும் புருசன விசாரிச்சவ. வெயிலுக்க விடாதங்க, பாவம்."

வெட்கத்தில் எனக்கு உடம்பு எரிந்தது. தெருவில் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். உம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் குசினி வாசலில் நின்று, "வாப்பாவக் காணல்ல மகள், சோறு ஆறிட்டு" என்றார். அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னேன்.

"வாப்பா மௌத்து, உம்மா."

சட்டி விழுந்து உடைந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார். அல்லாட காவல், அப்படி ஒரு அழுகையை நான் வாப்பா மௌத்தான அன்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது நான் ஒருத்தி. கொஞ்சம் அடங்கிய பிறகு என் முகத்தைப் பார்த்து, "எப்ப?" என்று கேட்டார்.

"ஸுபஹுக்கு முன்னால," என்றேன்.

அது மெய். வாப்பா ஸுபஹுத் தொழுகைக்கு முன்னால், விடியுமுன்தான் மௌத்தானார், நீங்களும் ஜனாஸாவுக்கு வந்திருந்தீர்கள். எந்த ஸுபஹு என்று உம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. உம்மா எழும்பினார். காப்பைக் கழற்றினார், காதில் கிடந்ததையும் கழற்றி என் கையில் தந்தார். வெள்ளைப் புடவை கேட்டார். கிணற்றடிக்குப் போய்க் குளித்து, அதை உடுத்து, வடக்கறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "வாசலுக்குத் திரை போடு மகள். ஆம்பிளயள் வந்தாச் சத்தம் காட்டு" என்றார். சாவியையும் தொழுகையையும் புருஷன் மௌத்தையும் மறந்த மனுஷிக்கு இத்தா மறக்கவில்லை. நம் பெண்களுக்கு அது எலும்பில் ஊறினது. புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண் முகம் பாராமல், வாசல் தாண்டாமல் இருக்கவேண்டும். யாரும் பூட்டுப் போடத் தேவையில்லை. அந்த அறைக்குப் பூட்டே கிடையாது, போய்ப் பாருங்கள், சுவர் விழுந்தாலும் கதவு இன்னும் கிடக்கிறது.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஒரு முழுச் சாரம் நெய்தேன். உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு அறைக்குள் இருந்தார். வீடு அமைதியாகக் கிடந்தது.

அடுத்த நாள் காலை எழும்பி, உடுத்திருந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்து, "ஏன் மகள் எனக்கு வெள்ள உடுத்தியிரிக்கீங்க? வாப்பா எங்க?" என்றார். நான் கொஞ்சம் யோசித்தேன். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு சட்டிச் சோறு பாண்டிருப்புக்குப் போகும். சொன்னேன். மறுபடியும் அதே அழுகை, அதே கேள்வி, அதே அறை. அதற்கு அடுத்த நாளும்.

அவசரப்பட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். எல்லாம் ஒரு ஒழுங்கோடுதான் செய்தேன். வெறும் வயிற்றில் சொன்னால் உம்மாவுக்கு மயக்கம் வந்தது. அதனால் ஸுபஹு தொழவைத்து, தேத்தண்ணியும் ஒரு துண்டு ரொட்டியும் கொடுத்து, குடித்து முடித்த பிறகுதான் சொல்லுவேன். நிற்கும்போது சொல்லமாட்டேன், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது? பாயில் இருத்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்துச் சொல்லுவேன். முதல் வாரம் நானும் கூடச் சேர்ந்து அழுதேன். பிறகு அழுகை வரவில்லை. உம்மா அழுது முடிக்கிற நேரத்தில் நூல் சுற்றிவைக்கப் பழகிக்கொண்டேன், கையைச் சும்மா வைத்திருந்து என்ன செய்வது?

உம்மா அழும்போது ஒவ்வொரு நாளும் ஒரே கதையைத்தான் சொல்லுவார். "நேத்து ஆணத்துல உப்புக் கூடிட்டெண்டு சொன்னாரு மகள். நான் ஏசிட்டன். உங்களுக்கு ஆக்கிப்போட வேற ஆளப் பாருங்க எண்டு சொல்லிட்டன். பேசாம எழும்பிப் போனாரு. என்னப் பொறுத்தாரோ தெரியா." அந்த உப்புச் சண்டை எனக்கு நினைவிருக்கிறது. அப்போது நான் பாவாடை கட்டிய பிள்ளை. அன்றைக்கே வாப்பா திரும்பி வந்து, சிரித்துக்கொண்டு, அந்த ஆணத்தையே இரண்டு தரம் வாங்கித் தின்றார். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருவரும் ஒரே வீட்டில் சண்டை பிடித்துச் சிரித்து வாழ்ந்தார்கள். இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வருஷக் கணக்கு வரும், கணக்கு வந்தால் இத்தா எப்போதோ முடிந்துவிட்டது என்று வரும். ஆகவே சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அறுநூறு காலைக்குக் குறையாது. அறுநூறு தரம் ஒரு பெண்ணை விதவையாக்கினாள் என்று ஆயிஷா உம்மா உங்களிடம் சொன்னாராம். நான் கேட்கிறேன், உம்மாவுக்கு அதில் எத்தனை தெரியும்? ஒன்று. ஒவ்வொரு நாளும் அவருக்கு அதுதான் முதலாவது. அறுநூறையும் மனதில் வைத்திருக்கிறவள் நான். யாருக்குப் பாரம் கூட என்று நீங்களே சொல்லுங்கள்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? வெள்ளிக்கிழமையில் உம்மாவைப் பார்க்க வருகிற பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். மறதி வந்த மற்றவர்கள் சாணியில் உழல்கிறார்கள், தெருவில் அலைகிறார்கள். சல்மா உம்மா வெள்ளை வெளேரென்று உடுத்து, வாயில் திக்ரோடு, கட்டிலில் இருக்கிறாரே என்றார்கள். "மாஷா அல்லாஹ், சரீபா மாதிரிப் புள்ள எல்லாருக்கும் கிடைக்குமா?" என்றார்கள். பதியுதீன் காக்கா ஒரு நாள் புதுநெல் அரிசியோடு வந்தார். உம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட வாப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாரே மகன்" என்று அழுதார். காக்கா விறாந்தைக்கு வந்து கண்ணைத் துடைத்தார். "எத்தின வருசமாகியும் அவ வாப்பாவ மறக்கல்ல பாரு," என்றார். பிறகு, சம்மாந்துறைக்குப் பஸ் போய்விடும் என்று அவசரமாக எழும்பினார்.

ஒரே ஒரு நாள் சொல்லாமல் விட்டேன். எனக்குக் காய்ச்சல், எழும்ப முடியவில்லை. உம்மா விடிந்ததும் தானே குசினிக்குப் போனார். அடுப்பு மூட்டினார். எனக்குக் கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்து, நெற்றியில் கை வைத்து, "என்ட சரீபாக்குக் கடும் காய்ச்சல்" என்றார். என் பெயர் அவர் வாயில் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வெயில் ஏற ஏற அரிசி புடைத்தார், ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார், கோழியோடு கதைத்தார். படுத்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்? லுஹருக்குப் பாங்கு சொன்னதும் சட்டியை எடுத்துக்கொண்டு கடப்பைத் தாண்டினார். காய்ச்சலோடு நான் வெயிலில் ஓடவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவிடவில்லை.

ஆயிஷா உம்மா அடுப்புக்கு நெருப்பு எடுக்க ஒரு காலை வந்தபோது, நான் சொல்வதைக் கேட்டுவிட்டார். வாசலில் அப்படியே நின்றார்.

"என்னகா இது? மனுசன் மௌத்தாகி எத்தின வருசம்! அவக்கு இண்டைக்குச் சொல்றியே!"

"நான் பொய்யா சொன்னன்?" என்று கேட்டேன். "மௌத்தா, இல்லையா?"

"மௌத்துத்தான்..."

"ஸுபஹுக்கு முன்னாலதானே?"

"ஓம். ஆனா..."

"கடலுக்குப் போயிரிக்காரு, இப்ப வந்திருவாரு எண்டு சொன்னது ஆரு?"

அவர் நெருப்பை எடுக்காமலே போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வளவுக்கு வரவில்லை. வேலிக்கு அப்பால் நின்று கொடியைப் பார்ப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. செய்வதைச் செய்துகொண்டிருந்தேன், ஆனால் காலையில் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

இனி வெள்ளம். போன மார்கழியில் வந்ததை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, உங்கள் வீட்டு மதிலும் விழுந்தது. விடிய விடிய மழை. அன்றைக்கும் வழமைபோல உம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துச் சொல்லிவிட்டேன். வெயில் இல்லாத காலை; பத்து மணி இருக்கும், வயல் பக்கத்திலிருந்து தண்ணீர் வளவுக்குள் ஏறியது. முதலில் தறிக்குழி நிறைந்தது. பிறகு குசினி. பள்ளிவாசலில் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அடுத்த தெரு நூஹு தோணியோடு கடப்படியில் வந்து நின்று, "ராத்தா, கெதியா வாங்க" என்று கூப்பிட்டான். தோணியில் ஆயிஷா உம்மா ஏற்கெனவே இருந்தார். பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தபடி இருந்தார்.

நான் வடக்கறைத் திரையை விலக்கினேன். உம்மா கட்டிலை விட்டு இறங்கி நின்றார். கணுக்காலுக்குத் தண்ணீர். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தார். நூஹுவின் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கவேண்டும். இரண்டு வருஷத்தில் ஒருதரமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"மகள், என்ட இத்தா முடிஞ்சிட்டா? நானும் வரலாமா?"

உங்கள் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். ஆபத்து வந்தால் இத்தாவில் இருப்பவளும் வெளியேறலாம். அது எனக்கும் தெரியும். வாப்பா மௌத்தான காலத்தில் பள்ளிவாசல் லெப்பை அந்தத் திரைக்கு வெளியே இருந்து உம்மாவுக்கு ஓதிச் சொன்னதை நானும் கேட்டவள். தண்ணீர் இன்னும் ஏறும் என்பதும் தெரியும். களிமண் சுவர் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் தெரியும்.

நான் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தில் ஒரே மண்டபம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே இடத்தில் பாய் விரிப்பார்கள். விடிந்ததும் உம்மா எழும்பி, வாப்பா எங்கே என்று கேட்பார். சொல்லாவிட்டால் வெள்ளத்துக்குள் அவரைத் தேடி இறங்குவார். சொன்னால், அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லவேண்டும். அத்தனை பேரும் உம்மா அழுவதைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். ஆயிஷா உம்மாவும் அங்கே இருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் பதில் சொன்னேன். உம்மா தலையை ஆட்டினார். "அது சரி மகள். நீ போ. கதவச் சாத்திட்டுப் போ, ஆம்பிளயள் நிக்கிறாங்க" என்று சொல்லிக் கட்டிலில் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்தார். கதவைச் சாத்தினேன்.

"உம்மா எங்க ராத்தா?" என்று நூஹு கேட்டான்.

"வரமாட்டா."

"என்ன கதை இது? நான் போய்த் தூக்கிட்டு வாறன்."

"இத்தாவில இரிக்கிற பொம்புளட அறைக்குள்ள நீ எப்பிடிப் போவாய்?" என்று கேட்டேன். வேறு தெருப் பிள்ளை, எங்கள் வீட்டு விவரம் தெரியாது. பயந்து நின்றுவிட்டான். ஆயிஷா உம்மா திரும்பி என்னைப் பார்த்தார், வாய் திறந்தார், ஆனால் மழையிலும் தோணியில் இருந்த பிள்ளைகளின் அழுகையிலும் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அடுத்த நடையில் இரண்டு பெண்களைக் கூட்டிவந்து உம்மாவை ஏற்றுவதாக நூஹு சொன்னான். அடுத்த நடைக்கு அவன் வந்தபோது வடக்குச் சுவர் இல்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. உம்மா கட்டிலிலேயே இருந்தார். ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்கள், முக்காடுகூட விலகவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். தண்ணீரில் மௌத்தானவர் ஷஹீதின், மார்க்கத்துக்காக உயிர் கொடுத்தவரின், கூலி பெறுவார் என்று லெப்பை சொன்னார். நல்ல மௌத்து என்று ஊர் சொன்னது. அதை நான் மறுக்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், உம்மாவுக்கு அன்றைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று. ஓம் என்று ஒரு சொல் போதுமாயிருந்தது. அது மெய்யும்தான், இத்தா முடிந்து எட்டு வருஷம் ஆகப்போகிறது. "இல்ல உம்மா, இன்னும் நாலு மாசமும் பத்து நாளும் இரிக்கு" என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள், மரைக்கார். அது ஒன்றைத் தவிர, என் உம்மாவிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.